பாக் நீரிணையைக் கடந்தவர்கள்

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் வடக்குக் கரைக்கும் இடையில் கிடக்கும் பாக் நீரிணை பெரிய கப்பலுக்கு ஆகாத கடல், தோணிக்கு ஏற்ற கடல். அதன் வரலாற்றின் பெரும்பகுதியை இந்த இயல்புதான் தீர்மானித்திருக்கிறது. நீரிணைக்குத் தெற்கே உள்ள பாக் விரிகுடாவில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்துக்கு மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. சேது, ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று பல பெயர்களில் வழங்கும் அந்த வரிசையில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே உள்ள இடங்கள் உண்டு. திட்டுகள் நிலையானவையும் அல்ல. காற்றும் நீரோட்டமும் மணலை ஒரு பருவத்தில் இங்கே குவிக்கும், மறு பருவத்தில் அங்கே கொண்டுபோகும். நீரிணைக்கு இன்றுள்ள பெயர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரால் வந்தது. கடலைக் கடக்கும் வழக்கமோ அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கேனும் முந்தியது.

கடப்பவரின் காலண்டர் காற்று. வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும்போது பாக் விரிகுடா கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா சீறும், பாக் விரிகுடா ஒப்பளவில் அடங்கிக் கிடக்கும். ராமேசுவரம் தீவின் மீனவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். எந்த மாதத்தில் எந்தத் துறையிலிருந்து புறப்படுவது, எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் இந்த அறிவைப் பொறுத்தது. மன்னர்களும் கம்பெனிகளும் ரயில்வேக்களும் பிற்காலத்தில் இந்தக் கடலில் இறங்கியபோது, கரையோர மக்களிடம் ஏற்கெனவே இருந்த இந்த அறிவையே நம்ப வேண்டியிருந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி இந்தக் கடலைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கும் தப்ரோபேன் என்று அவர் அழைக்கும் இலங்கைத் தீவுக்கும் இடையிலான கடல் ஆழமற்றது, ஆனால் சில வாய்க்கால்களில் மட்டும் நங்கூரம் தரை தொடாத அளவுக்கு ஆழம் உண்டு என்கிறார். குறுகிய வாய்க்காலில் திருப்ப வேண்டிய தேவை வராதபடி, இங்குள்ள கலங்களுக்கு இரு முனையிலும் முகப்பு இருக்கும் என்ற செய்தியையும் தருகிறார். இந்தக் கடலை நேரில் கண்ட யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டிய செய்தியாகவே இது படுகிறது. ஆழமற்ற கடலில் ஓடும் கலத்தின் வடிவத்தை இவ்வளவு பொருத்தமாகக் கற்பனை செய்துவிட முடியாது.

அதே காலகட்டத்தைச் சேர்ந்த பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய பொருள்களின் வரிசையில் ஈழத்து உணவையும் சேர்க்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இலங்கையின் மகாவம்சம், தமிழகத்திலிருந்து வந்து அநுராதபுரத்தை ஆண்ட சேனன், குத்திகன் இருவரையும் குதிரை வணிகரின் மக்கள் என்கிறது. எல்லாளன் சோழநாட்டிலிருந்து வந்தவன் என்றும் குறிக்கிறது. அநுராதபுரத்துக்குக் கடல்வாசலாக இருந்தது மன்னாரை அடுத்த மாதோட்டம். 1980களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அகழாய்வில் மேற்காசிய, சீன மட்கலங்கள் கிடைத்தன. அந்த ஆய்வும் உள்நாட்டுப் போரால் 1984இல் பாதியில் நின்றது. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். தேவாரக் காலத்துத் தமிழருக்கு அக்கரை வேற்றுலகமாகத் தோன்றவில்லை என்பதற்கு அந்தப் பதிகங்களே சான்று.

படைகளும் இதே வழியில் போயின. முதலாம் ராசராசனின் படை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இலங்கையைக் கைப்பற்றியது. அவன் மகன் ராசேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். இரு நூற்றாண்டுகூடக் கழியவில்லை, படை எதிர்த்திசையில் வந்தது. பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பாண்டியர் அரியணைப் போட்டியில் தலையிட்டு அனுப்பிய தளபதி லங்காபுரன் ராமேசுவரத்தில் இறங்கிப் பாண்டிய நாட்டுக்குள் புகுந்தான்.

கடக்கும் பயணத்தின் அபாயத்தைத் தன் அனுபவமாகவே எழுதி வைத்தவர் மொரோக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா. 1344இல் அவர் புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பல கப்பல்களை உடைய மன்னன் என்று அவனைக் குறிப்பிடுகிறார். ஆதாம் சிகரம் எனப்படும் பாவாத மலையைத் தரிசித்துவிட்டுத் தமிழ்க் கரைக்குத் திரும்பும் வழியில் அவருடைய கப்பல் பலத்த காற்றில் சிக்கி ஆழமற்ற இடத்தில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள், கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் செய்து உடன்வந்தவர்களை அனுப்பினார்கள். பதூதா இரவு முழுவதும் உடைந்த கப்பலின் பின்பகுதியிலேயே கிடந்தார். விடிந்ததும் கரையிலிருந்து படகில் வந்த உள்ளூர் மக்கள் அவரைக் காப்பாற்றினார்கள். உலகின் பாதியைச் சுற்றிய ஒருவரைத் தடுமாற வைத்த கடல், உள்ளூர்ப் படகுக்கு அன்றாட வழியாக இருந்தது.

யாழ்ப்பாண மன்னர்கள் சேதுகாவலன் என்ற பட்டத்தைத் தாங்கினார்கள், தங்கள் காசுகளில் சேது என்ற சொல்லைப் பொறித்தார்கள். இக்கரையில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ராமநாதபுரத்து மறவர் தலைவர்கள் சேதுபதிகளாக ராமேசுவர யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார்கள். இரு கரை அரசுகளும் தம்மை ஒரே கடல்வழியின் காவலராகவே அறிவித்துக்கொண்டன.

போர்த்துகீசர் வந்தபின் கடலைக் கடக்கச் சீட்டு வாங்க வேண்டும் என்ற வழக்கம் தொடங்கியது. அவர்கள் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கினார்கள். 1658இல் மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றையும் டச்சுக்காரர் பிடித்தபோது, இரு கரையிலும் ஒரே கம்பெனியின் கொடி பறந்தது. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து ஏலம் விட்டார்கள். இந்திய வணிகர்கள் வாங்கிய யானைகள் ஊர்காவற்றுறையில் மரக்கலம் ஏறின. கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கலம் ஓடக்கூடாது என்று டச்சுக்காரர் விதித்தும், கீழக்கரை மரக்காயர்கள் தங்கள் வணிகத்தை விடவில்லை. சீதக்காதி என்று புலவர்கள் கொண்டாடிய பெரியதம்பி மரக்காயர் அந்த டச்சு ஆவணங்களிலேயே இடம்பெறும் அளவுக்குப் பெரிய வணிகர். கம்பெனியின் கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற நீரில் தோணி புகுந்து போய்விடும். அந்தக் கடலில் சட்டத்தைவிட மணல் திட்டை அறிந்தவன் கை ஓங்கியிருந்தது.

பெருந்தொகையான மக்கள் இந்தக் கடலைக் கடந்தது காப்பியால். 1820களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின, 1840களில் காடுகள் வேகமாக அழிந்து தோட்டங்கள் பரவின. சிங்களக் கிராமத்தவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்குப் போக முன்வரவில்லை. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் வறட்சியும் நிலவரியும் சாதிக் கொடுமையும் நெருக்கிய மக்கள் கண்டிச்சீமைக்குக் கிளம்பினார்கள். அவர்களைத் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர் அல்லது உறவினர். கையில் முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். வழிச்செலவு முதல் கம்பளி வரை எல்லாம் கூலியின் பெயரில் கடனாக ஏறும்.

அந்தக் காலத்துப் பயணத்தில் கடல் ஒரு சிறு பகுதிதான். ஊரிலிருந்து கரைக்கு நடை. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் தோணிக்குக் காத்திருப்பு. பிறகு நெரிசலான பாய்த்தோணியில் மன்னாருக்கோ தலைமன்னாருக்கோ போவார்கள். இறங்கியபின் தொடங்குவதுதான் உண்மையான சோதனை. மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை 200 கி.மீ.க்கும் அதிகமான காட்டுவழி. தண்ணீர் அரிது, ஊர்கள் அரிது, காலராவும் மலேரியாவும் அம்மையும் கூடவே நடந்தன. நோயில் விழுந்தவரை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. 1841 முதல் 1849 வரை 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று அன்றைய கொழும்புச் செய்தித்தாள் ஒன்று கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை மிகை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. வந்தவர்களையும் திரும்பியவர்களையும் அரசு ஒழுங்காக எண்ணவே இல்லை என்பதால்தான் அந்த வாதம் இன்றும் முடியாமல் நீள்கிறது. மனிதர்களை எண்ணத் தேவையில்லை என்று நினைத்த ஓர் அரசின் குற்றம் அது.

காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்குப் போய்விட்டுச் சேமிப்போடு ஊர் திரும்புவது முடியும். பெரும்பாலும் ஆண்களே போனார்கள். 1869இல் காப்பி இலையைத் துரு நோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை இதற்கு முன்னோடி. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும், கிள்ளும் கைகள் பெண்களின் கைகளாக இருக்க வேண்டும் என்று துரைமார் விரும்பினார்கள். குடும்பம் குடும்பமாகப் போனார்கள், லயங்கள் எனப்பட்ட தோட்ட வரிசை வீடுகளில் தங்கினார்கள், திரும்புவது அரிதானது. போய்வரும் கடலாக இருந்த நீரிணை, குடிபெயரும் கடலாக மாறியது ஒரு செடி மாறியதால்தான்.

கடனைச் சுமந்த தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு விடுவிக்கத் துண்டு என்ற சீட்டு வழங்கப்பட்டது. கடன்தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். யார் அதைக் கட்டுகிறாரோ அவரிடம் ஆள் போவார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணம் செய்தார்கள். வழியில் ரயிலுக்கும் உணவுக்கும் ஆன செலவு அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பிறகு தொழிலாளியின் கடனில் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதரை முகவரி ஒட்டிய பொதி போல அனுப்பிய அந்த முறையை, அன்றைய நிர்வாகிகள் ஒரு சீர்திருத்தமாகவே பதிவு செய்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார்க் காட்டுவழி மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்துவிட்டதால், அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் போவது பொதுவழியானது. அது கடலில் ஓர் இரவுப் பயணம். மணல் திட்டுகளின் வழியே உள்ள குறுக்குப் பாதையை நீராவி யுகத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும் என்ற எண்ணம் தென்னிந்திய ரயில்வேக்கு அதன்பிறகே வலுப்பெற்றது. முதலில் எண்ணியது ரயில்பாதை. மணல் திட்டுகளின் மேலேயே கரையெழுப்பித் தண்டவாளம் போட்டு தலைமன்னாருக்கு ரயிலை நேரே ஓட்டலாம் என்று அந்த ரயில்வேயின் நெவில் பிரீஸ்ட்லி திட்டம் தீட்டினார். செலவும் பிறகு வந்த முதல் உலகப் போரும் அதை ஏட்டிலேயே நிறுத்தின. நிறைவேறியது பாம்பன் பாலம். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தப் பாலம் சுமார் 2 கி.மீ. நீளமானது. கலங்கள் வரும்போது நடுவில் இரு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பகுதி அதன் சிறப்பு. பாம்பன் கால்வாயில் தோணிப் போக்குவரத்து அவ்வளவு முக்கியமாக இருந்ததால்தான் அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு வந்தன. பின்னாளில் இர்வின், கோஷன் ஆகியவை சேர்ந்தன. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்புக் கோட்டை நிலையம் வரை போகலாம். மாலையில் எழும்பூரை விட்ட ரயில் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியை அடையும். கடலைக் கடந்து தலைமன்னாரில் ஏறினால் மூன்றாம் நாள் காலை கொழும்பு. இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ், இலங்கைப் பக்கம் அகலப்பாதை என்பதால் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கடத்தும் வசதி இருக்கவில்லை. பயணியும் மூட்டையும் இறங்கி ஏற வேண்டும். போட் மெயில் என்று மக்கள் வாயில் நிலைத்த அந்த வண்டியின் பெயர், கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆனபிறகும் ராமேசுவரம் எக்ஸ்பிரஸுக்கு வழங்குகிறது.

அந்த ரயிலில் போனவர்கள் எல்லாரும் ஒரே பயணத்தைச் செய்யவில்லை. வணிகர், வழக்கறிஞர், யாழ்ப்பாணத்து மாணவர், நாடகக் குழுவினர், கோயில் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்ட நாதசுர வித்துவான்கள் ஆகியோருக்கு அது வசதியான பயணம். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்கு மண்டபத்தில் ரயில் நின்றதும் வேறொரு பயணம் தொடங்கியது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடை முகாம் அங்கே இருந்தது. குளிக்க வைத்து, துணிகளைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்து, நோயில்லை என்று உறுதியான பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். காட்டுவழிச் சாவுகளை நினைத்தால் இந்த முகாம் உயிர்களைக் காத்தது உண்மை. தோட்டத்துக்குத் தகுதியான உடல்களைப் பொறுக்கியெடுக்கும் இடமாகவும் அது இருந்தது. இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியதற்கு மறுமொழியாக, 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. நூறாண்டுக்கு மேல் ஓடிய கங்காணிப் பயணம் அத்தோடு நின்றது. மண்டபம் கேம்ப் என்ற பெயரும் கட்டடங்களும் நிலைத்தன.

நீராவிக் கப்பலின் புகழில் தோணியின் வரலாறு மறைந்துவிடக்கூடாது. காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகியவை ஒருபுறமும் நாகப்பட்டினம், வேதாரணியம், கோடியக்கரை, தொண்டி ஆகியவை மறுபுறமுமாக ஒரு தோணி வணிகம் இடைவிடாமல் நடந்தது. தஞ்சை நெல்லும் அரிசியும் யாழ்ப்பாணத்துக்குப் போயின. யாழ்ப்பாணத்துப் பனைமரச் சட்டங்கள் இக்கரை வீடுகளுக்குக் கூரை தாங்கின. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் நல்ல காற்றில் மாலை பாய் விரித்தால் விடிவதற்குள் அக்கரை சேரலாம். தண்டையல் என்று அழைக்கப்படும் தோணித் தலைவர் நட்சத்திரத்தையும் நீரின் நிறத்தையும் கண்டே வழி அறிந்தார்.

வல்வெட்டித்துறைக் கம்மியர்களின் திறமைக்கு உலகறிந்த சான்று அன்னபூரணி என்ற பாய்க்கப்பல். அந்த ஊரில் கட்டப்பட்ட அதை அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்களே ஓட்டிச் சென்ற அந்தக் கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாக் நீரிணையில் பழகிய கைகள் எந்தப் பெருங்கடலுக்கும் போதுமானவை என்பதில் அதன்பின் ஐயம் இருக்க முடியாது. 1954இல் அதே வட்டாரத்தைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திக் கடந்தார். 1966இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1971இல் குமார் ஆனந்தன் போகவும் வரவும் நீந்திக் காட்டினார்.

கல்வியும் பதிப்பும் இதே கடலைக் கடந்து வளர்ந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலில் பட்டம் வழங்கியபோது அதைப் பெற்ற இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தவர். தாமோதரம்பிள்ளை சங்க இலக்கியப் பதிப்பின் முன்னோடிகளுள் ஒருவரானார். ஆறுமுக நாவலர் அச்சுப்பொறி வாங்கச் சென்னைக்கு வந்தார், 1864இல் சிதம்பரத்தில் சைவப் பள்ளியை நிறுவினார். 1897 ஜனவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வரை சென்று, அங்கிருந்து கடலைக் கடந்து பாம்பனில் கால் வைத்தார். ராமநாதபுரத்து பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். இப்படிப் போய்வந்தவர் எவரும் தாம் வெளிநாட்டுக்குப் போவதாக எண்ணியதற்கு அறிகுறி இல்லை. இரு நாடுகளும் விடுதலை பெறும் வரை இந்தக் கடலைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை.

1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறியவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. அதுவரை தோணியில் வந்தவர் பயணி, அதன்பின் வந்தவர் கள்ளத்தோணி. அந்தச் சொல் சில ஆண்டுகளில் மலையகத் தமிழர் அனைவர் மேலும் வீசப்படும் வசையாக மாறியது. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தோணியிலும் ஏறாமல் தோட்ட லயத்தில் பிறந்தவர்கள். மூன்று தலைமுறை உழைப்பில் ஒரு நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை உண்டாக்கிய மக்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்த மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். எஞ்சியவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் முடியும் முன்பே கடவைத்துறை அழிந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நிலையத்தை எட்டும் முன் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாம் சிதைந்தன. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயின. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் அதை 46 நாளில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் மீண்டும் போகவே இல்லை.

கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்குப் போய்வந்தது. தாயகம் திரும்புவோர் என்று அரசு பெயரிட்ட மலையக மக்கள் அதில் வந்து இறங்கினார்கள். மலையக ரயில் நிலையங்களில் ஒரே குடும்பத்தில் சிலர் வண்டி ஏற, சிலர் நடைமேடையில் நின்றார்கள். குடியுரிமை விண்ணப்பம் பிள்ளைகளுக்கு ஒரு நாட்டையும் பெற்றோருக்கு இன்னொன்றையும் கொடுத்திருந்தது. பாட்டன் போகும்போது அம்மை குத்திக்கொண்ட மண்டபம் முகாமில் பேரன் வந்து பதிவு செய்துகொண்டான். அங்கிருந்து நீலகிரியின் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கொடைக்கானல் மலைச்சரிவுகளுக்கும், முன்பின் அறியாத ஊர்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

1974இலும் 1976இலும் கடல் எல்லைக் கோடு வரையப்பட்டது. 285 ஏக்கர் பரப்புள்ள கச்சதீவு இலங்கைப் பக்கம் போனது. அங்குள்ள அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் கூடும் வழக்கம் மட்டும், போர்க்கால இடைவெளிகள் நீங்கலாக, தொடர்கிறது. எல்லைக் கோட்டின் இருபுறமும் மீன்பிடித்த உறவுகள், இழுவைமடிப் படகுகள் பெருகியபின் பகையாகத் திரும்பின. வடமாகாண மீனவரின் வலைகளையும் கடலடித் தரையையும் அந்தப் படகுகள் அழிக்கின்றன என்ற குறை உண்மையானது. கைதாகிச் சிறையில் கிடக்கும் ராமேசுவரத்துக் கூலி மீனவரின் துயரமும் உண்மையானது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் கடப்பின் பொருள் மறுபடி மாறியது. 1984இல் ராமேசுவரம் - தலைமன்னார் கப்பல் நின்றது. அதே பாதையில் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவுகளில் வள்ளங்கள் கிளம்பின. படகோட்டிகள் பலர் கடற்படைக்கு அஞ்சி மணல் திட்டுகளிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தண்ணீரில்லாத திட்டில் குழந்தைகளோடு ஒரு பகலும் இரவும் காத்துக் கிடந்தவர்களை இந்திய மீனவரும் கடலோரக் காவல் படையினரும் மீட்டார்கள். உள்நாட்டுப் போர் முடியும் வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தமிழ்நாட்டை அடைந்தார்கள். முதலில் சேர்ந்த இடம் மீண்டும் மண்டபம் முகாம். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து அரிசியும் எரிபொருளும் எட்டாத விலைக்குப் போனபோது, தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டுகளில் மறுபடி குடும்பங்கள் வந்து நின்றன.

போருக்குப் பின் கப்பலை மீட்கும் முயற்சிகள் விட்டுவிட்டு நடந்தன. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு இடையே தொடங்கிய சேவை சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் புறப்பட்டது. வாடை தொடங்கும் மாதத்தில் தொடங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கரையோர மீனவர் எவரைக் கேட்டிருந்தாலும் அந்த மாதத்தைத் தவிர்க்கச் சொல்லியிருப்பார். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. ஏறத்தாழ 110 கி.மீ. தூரத்தை அது சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கிறது.

தலைமன்னார்த் துறைக்குப் போரில் அழிந்த ரயில்பாதை 2015 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாம்பனில் கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. இரு கரையிலும் ரயில் தயாராக இருக்கிறது. இடையில் உள்ள 30 கி.மீ. கடலுக்கு ஒரு பயணிகள் கப்பலை விடுவது இரு அரசுகளின் பொறியியலுக்கும் பணத்துக்கும் எட்டாத காரியம் அல்ல. உறவுகள் இரு பக்கமும் பிரிந்து கிடக்கும் மலையக, வடமாகாணக் குடும்பங்களுக்கு அந்தக் குறைந்த கட்டணப் பாதையே முதலில் திறக்கப்பட வேண்டும்.